தண்ணியைக் கெடுக்காமலும் முலாம் பூசலாம்!

(முலாம் பட்டறைக் கழிவுநீரைக் கண்டித்து நடந்த உண்ணாவிரதப் பந்தலில் ஆற்றிய உரை)



கிணத்துத் தண்ணி மஞ்சளாப் போச்சுன்னு நாம மனு கொடுத்தா என்ன பதில் வருது? "ஆசிட்டும் சயனைடும் இல்லாம முலாம் பூச முடியாது. தொழில் வேணுமா, வேண்டாமா?" என்கிறார்கள். இந்தப் பேச்சு நியாயமா என்று பார்த்துவிடுவோம்.

முலாம் பூசுறது பெரிய ரகசியம் இல்லை. உலோக உப்பைத் தண்ணியில கரைச்சு, சாமானை உள்ளே தொங்கவிட்டு கரண்ட் விட்டா, உலோகம் சாமான் மேல படியும். கஷ்டம் எங்கே வருது? குரோம் தொட்டியில பாயுற கரண்டில் 100க்கு 20 பங்குகூட குரோமியமாகப் படியறதில்லை. மிச்சம் தண்ணியைப் பிரிச்சு வாயுவாகக் கிளம்புது. அந்தக் குமிழியோட குரோமிக் அமிலமும் புகையாக வந்து, அங்கே வேலை செய்யுற நம்ம பிள்ளைங்க நெஞ்சுக்குள்ளே போகுது. அது நுரையீரல் புற்றுநோய் தரும் என்பது உறுதியான விஷயம். சாமானை எடுத்து அலசுற தண்ணி நம்ம ஓடைக்கு வருது.

ஒரு கணக்குப் போடுங்க. குரோம் தொட்டியில லிட்டருக்குச் சுமார் 250 கிராம் குரோமிக் அமிலம் இருக்கும். அதில் குரோமியம் 130 கிராம். குடிநீரில் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் குரோமியம் கூடாது என்பது இந்தியத் தர அளவு. அப்படின்னா, தொட்டித் தண்ணி ஒரே ஒரு லிட்டர் கலந்தா 26 லட்சம் லிட்டர் நல்ல தண்ணி அந்த அளவை எட்டிவிடும்! பூச்சிமருந்தாவது வெயிலில் கொஞ்சம் கொஞ்சமா சிதையும். உலோகம் சிதையாது, மண்ணிலேயே கிடக்கும்.

வேற வழி இல்லையா? இருக்கு. சோத்து உப்பைத் தண்ணியில்லாம உருக்கணும்னா 801 டிகிரி சூடு வேணும். ஆனா 100 டிகிரிக்குள்ளேயே திரவமாகிற உப்புகளும் உண்டு. அதுக்குப் பேர் அயனித் திரவம். அதன் பங்காளி ஒண்ணைக் கேளுங்க, நமக்குத் தெரிஞ்ச சரக்குதான். ஒண்ணு, வயலுக்குப் போடுற யூரியா. இன்னொண்ணு, கோழித் தீவனத்தில் கலக்குற கோலின் குளோரைடு. யூரியா 133 டிகிரியில் உருகும், மற்றது 302 டிகிரியில். இரண்டையும் ஏறக்குறைய சம எடையில் கலந்தா 12 டிகிரியிலேயே திரவமாயிடும்! இங்கிலாந்தில் லெஸ்டர் பல்கலைக்கழகத்து ஆண்ட்ரூ அபாட் குழுவினர் 2003ல் இதை வெளியிட்டார்கள். இதே கோலின் குளோரைடை வைத்து, கொடிய ஆறிணைதிற குரோமியத்தை விட்டுட்டு, நஞ்சு குறைந்த மூவிணைதிற குரோமியத்தால் முலாம் பூசலாம் என்றும் காட்டினார்கள். கரண்டும் வீணாகிறது குறைவு.

ஒண்ணை மறைக்கக் கூடாது. இது மந்திரம் இல்லை. இந்தத் திரவம் எண்ணெய் மாதிரி கெட்டி. விலையும் அதிகம். ஈரத்தை இழுக்கும். சாமானை அலசத்தான் வேணும், அலசின தண்ணியில் உலோகம் இருக்கத்தான் செய்யும். நாளைக்கே எல்லாப் பட்டறையும் இதுக்கு மாறணும்னு நாம கேட்கவில்லை.

ஆனா தண்ணியிலேயே மூவிணைதிற குரோமியம் வைத்து அலங்கார முலாம் பூசுறது 1970களிலேயே வியாபாரத்துக்கு வந்தாச்சு. சயனைடு இல்லாத துத்தநாக முலாமும் பழசுதான். ஐரோப்பாவில் 2017 செப்டம்பர் முதல் தனி அனுமதி இல்லாம குரோமிக் அமிலம் பயன்படுத்த முடியாது. 2027 ஜனவரி முதல் அலங்கார முலாமுக்கு ஆறிணைதிற குரோமியம் கூடாது என்று கலிபோர்னியா 2023ல் விதி செய்தது. அங்கே முடியும்போது இங்கே ஏன் முடியாது? "வழியில்லை" என்பது பொய். "செலவு செய்ய மனசில்லை" என்பதுதான் உண்மை.

மாசு செய்தவரே செலவை ஏற்கணும் என்று 1996ல் வேலூர் தோல் கழிவு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியாச்சு. நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் விடாமல் வழக்கு நடத்தியதால்தான் 2006ல் சாயக்கழிவு ஒரு சொட்டுகூட வெளியே வரக்கூடாது என்ற உத்தரவு வந்தது. அதை மதிக்காததால் 2011ல் சாயப்பட்டறைகளை மூட உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. தானாக எதுவும் கிடைக்கவில்லை, போராடித்தான் கிடைத்தது.

நமது கோரிக்கைகள்:

1. கிணறு, ஓடைத் தண்ணியை விவசாயிகள் முன்னிலையில் எடுத்து, குரோமியம், நிக்கல், சயனைடு மூன்றுக்கும் சோதிக்க வேண்டும். முடிவைத் தமிழில் ஊராட்சி அலுவலகத்தில் ஒட்ட வேண்டும்.

2. சுத்திகரிக்காமல் ஒரு சொட்டும் வெளியே விடக்கூடாது. தொட்டிச் சேற்றை அபாயக் கழிவு விதிகள் 2016ன்படி அகற்ற வேண்டும்.

3. கெட்டுப்போன நிலத்துக்கும் கிணத்துக்கும் பட்டறைக்காரரே இழப்பீடு தர வேண்டும்.

4. சிறு பட்டறைகள் நஞ்சில்லா முறைக்கு மாற அரசு கடனும் மானியமும் தர வேண்டும். தொழிலாளி வயிற்றில் அடிப்பது நம் நோக்கமல்ல. அவர் நெஞ்சும் நம் நிலமும் ஒரே விஷத்தால்தான் கெடுகிறது.

மண்ணைக் காப்போம்! தண்ணீரைக் காப்போம்!
விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!