பால் பல்தானே, விழுந்துடும்னு விட்டுடலாமா?

(கூட்டமைப்புக் கூட்டத்தில் சுகாதாரக் குழு சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்றைக்கு நம்ம பிள்ளைகளின் பல்லைப் பற்றிப் பேசப் போகிறோம். பல்லுக்கெல்லாம் ஒரு கூட்டமா என்று நினைக்காதீங்க. உள்கடன் நோட்டை எடுத்துப் பாருங்க. "மருத்துவச் செலவு" என்று எழுதியிருப்பதில், பிள்ளைக்குக் கன்னம் வீங்கி, ராத்திரி முழுக்க அழுது, விடிந்ததும் டவுனுக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய செலவும் இருக்கும். அன்றைக்குப் போன கூலி எந்த நோட்டிலும் இருக்காது.

வீங்குகிற வரைக்கும் அது ஏன் போகிறது? "பால் பல்தானே, எப்படியும் விழுந்துடும், புதுசு முளைச்சுக்கும்." வீட்டுக்கு வீடு இருக்கிற இந்தப் பேச்சுதான் காரணம். இது பாதி உண்மை. முன்பற்கள் 6, 7 வயதில் விழுந்துவிடும். ஆனால் பால் கடைவாய்ப்பல் 10, 12 வயது வரைக்கும் வாயில் இருக்கும். மூணு வயதில் சொத்தையானால் இன்னும் ஏழெட்டு வருஷம் அதை வைத்துத்தான் அந்தப் பிள்ளை சாப்பிடணும்.

முதலில் சொத்தை எப்படி வருகிறது என்று பார்ப்போம். "பூச்சிப்பல்" என்கிறோம், ஆனால் பல்லுக்குள் பூச்சியோ புழுவோ கிடையாது. வாயில் இருக்கிற கிருமிகள் நாம் சாப்பிடும் சர்க்கரையைத் தின்று புளிப்பை, அதாவது அமிலத்தை, வெளியே விடுகின்றன. அந்தப் புளிப்பு பல்லின் மேல்பூச்சைக் கரைக்கிறது. அந்தக் கிருமிகளில் முக்கியமான ஒன்றை 1924-ல் லண்டனில் கிளார்க் என்ற டாக்டர் கண்டுபிடித்தார். கைக்குழந்தைக்கு அது பெரும்பாலும் கூட இருக்கிறவர்களின் எச்சிலில் இருந்துதான் வருகிறது. அம்மா வாயில் சொத்தை இருந்தால் அதற்கும் வைத்தியம் பார்க்கணும். நம்ம பல்லை நாம் கடைசியில்தானே பார்த்துக்கொள்வோம்!

எவ்வளவு இனிப்பு சாப்பிடுகிறோம் என்பதைவிட, எத்தனை தடவை சாப்பிடுகிறோம் என்பதுதான் பெரிய விஷயம். இது தெரிய வந்த கதை கொஞ்சம் மனசைக் கஷ்டப்படுத்தும். 1940-களில் ஸ்வீடன் நாட்டில், லுண்ட் நகரத்து விபேஹோம் மருத்துவமனையில், மனவளர்ச்சி குன்றியவர்களுக்கு வேண்டுமென்றே ஒட்டுகிற மிட்டாய்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். சம்மதம் சொல்லக்கூடத் தெரியாத ஜனங்கள். முடிவுகள் 1954-ல் வெளியாயின. சாப்பாட்டோடு சேர்த்து இனிப்பு சாப்பிட்டவர்களுக்குச் சொத்தை அவ்வளவாகக் கூடவில்லை. இடையிடையே ஒட்டும் மிட்டாய் தின்றவர்களுக்குப் பற்கள் கொத்துக் கொத்தாகக் கெட்டன. அப்படி ஒரு ஆராய்ச்சியை இன்றைக்குச் செய்யக் கூடாது. ஆனால் அவர்கள் பட்ட பாட்டில் கிடைத்த அந்த உண்மையை நாம் வீணாக்கவும் கூடாது.

ஆகவே வடை பாயசத்தோடு சாப்பிடுகிற நாளைப் பற்றிக் கவலை வேண்டாம். அழுதால் ஒரு பிஸ்கட், கடைக்குப் போனால் ஒரு தேன் மிட்டாய், பஸ்ஸில் ஒரு சாக்லேட் என்று நாள் முழுக்கப் போவதுதான் ஆபத்து. ஒவ்வொரு தடவையும் புளிப்பு அடங்க அரை மணி நேரம் வரை ஆகும். கருப்பட்டி, நாட்டுச்சர்க்கரை என்றால் பரவாயில்லை என்று நினைக்கிறோம். கிருமிக்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரியாது. சர்க்கரைப் பாலைப் பாட்டிலில் ஊற்றி வாயில் வைத்தபடியே தூங்க வைப்பது எல்லாவற்றையும்விட மோசம். தூக்கத்தில் எச்சில் குறைவாக ஊறும், கழுவிவிட ஆள் இருக்காது. அதனால்தான் மேல் முன்பற்கள் முதலில் கெடுகின்றன. கீழ்ப்பற்களை நாக்கு மறைத்துக் காப்பாற்றிவிடுகிறது. தாய்ப்பாலை நிறுத்தச் சொல்கிறோம் என்று யாரும் எடுத்துக்கொள்ளாதீங்க. அது வேறு, இது வேறு.

இப்போது, பால் பல் போனால் என்ன நஷ்டம் என்ற கேள்வி. பால் பல் மென்று தின்ன மட்டும் இல்லை, பின்னால் வரப்போகிற பல்லுக்கு இடம் பிடித்து வைத்திருக்கிறது. பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற மாதிரி. ஆறு வயதில், எந்தப் பல்லும் விழாமலே, கடைசியில் ஒரு பெரிய கடைவாய்ப்பல் முளைக்கும். பல அம்மாக்கள் இதையும் பால் பல் என்றே நினைத்துவிடுகிறார்கள். அது விழுந்தால் திரும்ப முளைக்காது. அதற்கு முன்னால் இருக்கிற பால் கடைவாய்ப்பல்லைச் சொத்தை என்று சீக்கிரமே பிடுங்கிவிட்டால், இந்தப் பெரிய பல் முன்னால் நகர்ந்து அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் வருகிற பல் எங்கே போகும்? தெற்றுப்பல்லாக வரும், இல்லையென்றால் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். பிடுங்கியே ஆகணும் என்றால், அந்த இடத்தைக் காக்கிற கம்பி வளையம் போட முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்க.

பிறகு பெண் வளர்ந்ததும் பல்லுக்குக் கம்பி போடணும் என்பார்கள். தனியாரிடம் 30,000 ரூபாய்க்கு மேல்கூட ஆகும். அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. மகளிர் தினத்தில் கயிறு இழுக்கிறோமே, கடைசியில் நிற்கிற அக்கா காலை ஊன்றி நின்றால்தான் எதிர் அணி நகரும். அவர் கால் வழுக்கினால் நாமே முன்னால் போய்விடுவோம். கம்பி வைத்தியமும் அப்படித்தான். முன்பல்லைப் பின்னால் இழுக்க, பின்னால் ஒரு பல் ஊன்றி நிற்கணும். பெரும்பாலும் அந்த ஊன்றுகோல், ஆறு வயதில் முளைத்த அதே கடைவாய்ப்பல்தான். அது சொத்தையில் போயிருந்தால் டாக்டருக்கே கஷ்டம். 1997-ல் ஜப்பானில் கனோமி என்ற டாக்டர், தாடை எலும்பில் சின்னத் திருகாணி வைத்து அதை ஊன்றுகோலாக்கும் முறையை எழுதினார். இப்போது நம் ஊரிலும் வைக்கிறார்கள். அதற்குத் தனிச் செலவு.

செய்ய வேண்டியது என்னவோ சின்ன வேலைதான். முதல் பல் முளைத்ததும் ஃப்ளோரைடு உள்ள பேஸ்ட், மூணு வயது வரை அரிசி அளவு, அதற்கு மேல் பட்டாணி அளவு. ராத்திரி படுக்கும் முன் கட்டாயம். தேய்ப்பது நம் கை, பிள்ளையின் கை இல்லை. தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் குடிநீரிலேயே ஃப்ளோரைடு அதிகமாக உள்ள ஊர்களில் இருக்கிற உறவுகள் மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொள்ளட்டும்.

மாதம் ஒரு தடவை பிள்ளையின் மேல் உதட்டைத் தூக்கி, வெளிச்சத்தில் பாருங்க. ஈறு ஓரமாகச் சுண்ணாம்புக் கோடு மாதிரி வெள்ளையாக இருந்தால் அதுதான் ஆரம்பம். அந்த நிலையில் திருப்பிவிடலாம். குழி விழுந்தாலும் எல்லாவற்றுக்கும் மிஷின் வைத்துக் குடைய வேண்டியதில்லை. வெள்ளி கலந்த ஒரு ஃப்ளோரைடு மருந்தைத் தடவினால் சொத்தை பரவாமல் நிற்கும். 2021-ல் உலக சுகாதார நிறுவனம் அதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. சொத்தை இருந்த இடம் கறுப்பாகிவிடும், முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்க. பால் பல் கறுப்பானால் என்ன, வலி நின்றால் போதும் என்பது எங்கள் கருத்து.

ஒன்று சொல்லணும். பிள்ளைக்குச் சொத்தை என்றதும், "அம்மா சரியா பார்க்கலை" என்று மாமியார் முதல் டாக்டர் வரை எல்லோரும் பெண்ணையே சொல்கிறார்கள். மிட்டாய் வாங்கித் தருவது அப்பாவும் தாத்தாவும்தான். இந்தப் பக்கத்தை அவர்களிடமும் படித்துக் காட்டுங்க.

2013-ல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தில் டாக்டர் குழு அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வருகிறது. அவர்கள் பார்க்க வேண்டிய பட்டியலில் சொத்தைப்பல்லும் இருக்கிறது. கேட்டால்தான் வாயைத் திறந்து பார்ப்பார்கள். ஒவ்வொரு குழுவிலிருந்தும் ஒருவர், உங்கள் ஊருக்கு அவர்கள் வருகிற தேதியை அங்கன்வாடி டீச்சரிடம் கேட்டு, அடுத்த கூட்டத்துக்கு எழுதிக்கொண்டு வாங்க.