வீட்டுக்கு ஒரே நேரம்
(பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கணினி என்று சொன்னாலே, "அதெல்லாம் பிள்ளைங்க சமாச்சாரம், நமக்கென்ன தெரியும்?" என்று பெற்றோர் ஒதுங்கிவிடுவதுண்டு. ஆனால் இன்று நான் பேசப்போவது நேரத்தைப் பற்றி. பெரட்டுக்குப் பிந்திப் போனால் என்ன ஆகும் என்பதைத் தோட்டத்து மக்களுக்கு நான் சொல்லவா வேண்டும்?

2020, 2021-ஆம் ஆண்டுகளில் பெருந்தொற்றினால் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது, பாடம் வீட்டுக்கே வந்தது. பழைய கணினி ஒன்று, அண்ணனின் மடிக்கணினி, அப்பாவின் கைப்பேசி என்று பல வீடுகளில் மூன்று நான்கு கருவிகள் சேர்ந்துவிட்டன. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு கடிகாரம் ஓடுகிறது. அவை ஒத்துப்போகின்றனவா என்று எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்?

"கொஞ்சம் முன்னே பின்னே இருந்தா குடியா முழுகிடும்?" என்று கேட்பீர்கள். சில வேளை முழுகத்தான் செய்யும். ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். தங்கையின் கட்டுரை இரண்டு கணினிகளிலும் இருக்கிறது. 7.30 மணிக்கு அண்ணன் தன் மடிக்கணினியில் அதில் ஓர் எழுத்துப்பிழையைத் திருத்துகிறான். தங்கை 8 மணிக்குப் பழைய கணினியில் கட்டுரை முழுவதையும் எழுதி முடிக்கிறாள். அந்தக் கணினியின் கடிகாரமோ ஒரு மணி நேரம் பின்தங்கியது. ஆகவே 7 மணி என்று பதிந்துகொள்கிறது. இரவில் இரண்டையும் ஒப்பிட்டு நகலெடுக்கும் செயலி, 7.30-தான் புதியது என்று முடிவுகட்டி, தங்கையின் உழைப்பை அழித்துவிடுகிறது. மறுநாள், "எழுதவே இல்லை, பொய் சொல்றே" என்று ஏச்சு வாங்குவது யார்? பிள்ளைதானே!

கடிகாரம் ஏன் பிசகுகிறது? கணினிக்குள் ஒரு சிறு குவார்ட்ஸ் படிகம் விநாடிக்கு 32,768 முறை அதிர்ந்து நேரத்தைக் கணக்கிடுகிறது. வெப்பம் கூடினாலும் குறைந்தாலும் அதன் நடை சற்று மாறும். நாளுக்கு 1 விநாடி பிசகினாலும் ஆண்டுக்கு 6 நிமிடம் ஆகிவிடும். பழைய கணினியை மின்சாரத்திலிருந்து கழற்றி மாட்டும்போதெல்லாம் தேதி பழைய ஆண்டுக்குப் போகிறதா? உள்ளே இருக்கும் காசு வடிவ பேட்டரி தீர்ந்திருக்கக்கூடும். பெரும்பாலும் அது சி.ஆர். 2032 வகையாக இருக்கும். அதை மாற்றினால் போதும். தேதி தவறாக இருந்தால் பாதுகாப்பான இணையத்தளங்கள் பல திறக்கவே மறுக்கும்.

பிசகும் கடிகாரத்தைத் திருத்த, 1980-களில் டேவிட் மில்ஸ் என்ற அமெரிக்கப் பேராசிரியர் ஒரு முறையை வகுத்தார். அதன் விதிகள் 1985-இல் வெளிவந்தன. கணக்கு எளிது. கிராணியின் அலுவலகத்துக்கு ஒரு பையனை அனுப்பி மணி கேட்கிறோம். நம் கடிகாரப்படி 7.00 மணிக்குப் போனவன் 7.10-க்குத் திரும்புகிறான். கிராணியின் கடிகாரத்தில் அப்போது 7.10 என்கிறான். போக 5, வர 5 நிமிடம் என்றால், அவன் அங்கே நின்றபோது நமக்கு 7.05. ஆகவே நம் கடிகாரம் 5 நிமிடம் பின்தங்கியது. கணினியும் இதையேதான் செய்கிறது, ஆனால் இமைப்பொழுதில்! பிசகு சிறிதாக இருந்தால் திடுமென்று தாவாமல், ஓட்டத்தைக் கொஞ்சம் கூட்டியோ குறைத்தோ சரிசெய்துகொள்ளவும் அதற்குத் தெரியும்.

அப்படியானால் கிராணிக்கு நேரம் சொல்வது யார்? அவருக்கும் மேலே ஒரு வரிசை உண்டு. உச்சியில் இருப்பவை அணுக் கடிகாரங்கள். சீசியம் அணுவின் 919 கோடியே 26 லட்சத்து 31 ஆயிரத்து 770 அதிர்வுகளே ஒரு விநாடி என்று 1967-இல் உலகம் ஏற்றுக்கொண்டது. நம் நாட்டின் நேரத்தைச் சிப்பாங்கில் உள்ள தேசிய அளவியல் கழகம் பேணிவருகிறது.

பெரியவர்களுக்கு நினைவிருக்கும். 1982-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் தீபகற்பத்தின் கடிகாரங்களை அரை மணி நேரம் முன்னே தள்ளிவைத்தோம். சபா, சரவாக்கோடு ஒரே நேரம் வந்தது. சிங்கப்பூரும் அன்றே மாற்றிக்கொண்டது. நாட்டுக்கு ஒரே நேரம் வேண்டுமென்றால், வீட்டுக்கு வேண்டாமா?

இன்றிரவே செய்யக்கூடியவை இவை. எல்லாக் கருவிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மணி பாருங்கள். தேதி, நேரம் என்ற பகுதிக்குப் போய், நேரத்தைத் தானாக அமைக்கும் வசதியைத் திறந்துவிடுங்கள். நேர வட்டாரம் கோலாலம்பூர், சிங்கப்பூர் என்று இருக்கிறதா எனப் பாருங்கள். சில வீட்டு மோடங்கள் வெளியிலிருந்து நேரத்தைக் கேட்டு வீட்டுக் கணினிகளுக்குச் சொல்லும். அந்த வசதி இருந்தால் எல்லாக் கணினிகளையும் அதனிடமே கேட்கச் செய்யுங்கள். இல்லாவிட்டால் எல்லாம் வெளியில் ஒரே இடத்தைக் கேட்கட்டும். யாரோ ஒருவரைப் பார்த்துத்தான் வீடு நடக்க வேண்டும். ஆளுக்கொரு பக்கம் இழுத்தால் தேர் நகராது.

மாணவமணிகளே, விளையாட்டில் அடுத்த வாய்ப்புச் சீக்கிரம் கிடைக்கட்டும் என்று கைப்பேசியின் தேதியை முன்னே தள்ளும் வித்தை உங்களில் சிலருக்குத் தெரியும். எனக்கும் தெரியும்! அதை இன்றோடு விட்டுவிடுங்கள்.

பெற்றோர்களே, பிள்ளை "நான் எழுதினேன், காணோம்" என்று கண்கலங்கி நிற்கும்போது, கையை ஓங்குமுன் கணினியின் கடிகாரத்தை ஒருமுறை பாருங்கள்.