காட்டுக்குள்ள கொடி வேண்டாம், வழி தெரிஞ்ச ஆள் வேணும்

(கம்பத்தில் நடந்த நமது ஐ.டி. விங் இளைஞர் பயிலரங்கில் தேனி மாவட்டத் தன்னார்வலர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். முழுசா படிங்க, பிடிச்சிருந்தா ஷேர் பண்ணுங்க.)



எனக்குக் கொடுத்த நேரம் பதினைந்து நிமிஷம். கொடுத்த தலைப்பு, காட்டு வழிகாட்டியாக நம்ம இளைஞர்கள் தொண்டு செய்வது எப்படி. நேரா விஷயத்துக்கு வர்றேன்.

நாம உட்கார்ந்திருக்கிற இந்த ஊருக்குத் தென்மேற்கே பெரியாறு புலிகள் காப்பகம். கிழக்கே மேகமலை. 2021 பிப்ரவரியில் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டுக்கு 5வது, இந்தியாவுக்கு 51வது. ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல் பரப்பு.

இந்தக் காட்டுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்னு கேட்டா, வயலைக் காட்டித்தான் பதில் சொல்லணும். 1895ல் பென்னிகுக் கட்டி முடித்த அணையில் இருந்து சுரங்கம் வழியா வர்ற தண்ணீரில்தான் கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோகம் விளையுது. அந்த அணைக்குத் தண்ணீர் சேர்த்துக் கொடுக்கிறது பெரியாற்றுக் காடு. வைகை பிறக்கிறது வருசநாட்டு மலையில். ஆக, காடுதான் நம்ம வயலோட தலைமடை. தலைமடையில் யார் நிற்கிறாங்க, என்ன செய்யறாங்கன்னு பார்க்க வேண்டியது கடைமடைக்காரனோட கடமை.

இப்போ தலைமடையில் என்ன நடக்குது? சனி, ஞாயிறு ஆச்சுன்னா சின்னமனூரில் இருந்து மேகமலைக்கு கார், பைக் வரிசை. பதினெட்டு கொண்டை ஊசி வளைவு ஏறி, தேயிலைத் தோட்டத்தில் செல்ஃபி எடுத்து, ஒரு டீ குடிச்சுட்டு இறங்கிடுறாங்க. சுருளி அருவியில் குளிச்சு, குரங்குக்குச் சிப்ஸ் போட்டுட்டுப் போறாங்க. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. அந்தத் தடை உத்தரவு மலையடிவாரத்தோட நின்னு போச்சோன்னு சந்தேகமா இருக்கு.

வர்றவங்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. எந்த மலையில் நிக்கிறோம்னு அவங்களுக்குச் சொல்ல ஆள் இல்லை.

ஒரு கதை சொல்றேன். 1948ல் ஆங்கஸ் ஹட்டன் என்ற இயற்கை ஆர்வலர் மேகமலையில், அப்போ 'ஹை வேவிஸ்' என்று சொல்வாங்க, ஒரு பழந்தின்னி வௌவாலைப் பிடிச்சார். மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அது போய்ச் சேர்ந்தது. சாதாரண வௌவால்னு நினைச்சு வேற பேரில் எடுத்து வச்சுட்டாங்க. 1972ல்தான் தாய்லாந்து விஞ்ஞானி கிட்டி தோங்லோங்யா அதைத் திரும்ப எடுத்துப் பார்த்து, இது உலகத்துக்கே புது இனம்னு கண்டுபிடிச்சார். பறவையியலாளர் சாலிம் அலி பெயரை வச்சாங்க. அதே மலையில் கிடைச்ச ஒரு விரியன் பாம்புக்கு ஹட்டன் பெயரே இருக்கு. இந்த ரெண்டு உயிரையும் உலகம் முதன்முதலா அறிஞ்சுக்கிட்டது நம்ம மலையில்தான். இதை நம்ம மாவட்டத்தில் எத்தனை பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கோம்?

இதைச் சொல்றவர்தான் வழிகாட்டி. பாதை காட்டுறது அவர் வேலையில் பாதி. மீதிப் பாதி, எங்கே நிக்கணும், எப்போ பேசக் கூடாது, எப்போ திரும்பணும்னு சொல்றது. அந்த மீதிப் பாதி உயிர் சம்பந்தப்பட்டது.

2018 மார்ச் 11. குரங்கணி. நம்ம மாவட்டத்துக்காரங்க யாருக்கும் மறக்காத தேதி. கொழுக்குமலையில் இருந்து இறங்கி வந்த மலையேற்றக் குழுக்கள் காட்டுத்தீயில் மாட்டிக்கிட்டாங்க. 20க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பெரும்பாலும் நம்ம வயசுப் பசங்க, பொண்ணுங்க. அந்தப் பாதைக்கு உரிய அனுமதி இல்லை என்பது பிறகு வெளியே வந்தது. தகவல் கேட்டு முதல்ல ஓடினது குரங்கணி ஊர்க்காரங்களும் தோட்டத் தொழிலாளர்களும்தான்.

மலையில் வாழறவங்களுக்குத் தெரிஞ்ச சில விஷயங்கள் இருக்கு. காய்ஞ்ச புல் மேட்டில் தீ பிடிச்சா, அது சரிவில் மேல்நோக்கித்தான் வேகமா ஏறும். அதனால தீக்கு மேலே ஓடக் கூடாது. பக்கவாட்டில் ஒதுங்கணும், ஏற்கெனவே எரிஞ்சு கருகின இடமோ, பாறையோ, ஓடையோ பார்த்துப் போகணும். காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு காலையில் இருந்தே கவனிக்கணும். இதெல்லாம் ரெண்டு நிமிஷத்தில் சொல்லிடலாம். ஆனா அந்த நேரத்தில் பதறாம முடிவெடுக்க, வருஷக்கணக்கா அந்தச் சரிவில் நடந்த கால் வேணும்.

அந்த விபத்துக்கு அப்புறம்தான் 2018லேயே மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் 14 மாவட்டங்களில் 40 பாதைகள் திறக்கப்பட்டன. ஆன்லைனில் பதிவு, கூடவே பயிற்சி பெற்ற வழிகாட்டி. மலைவாழ் மக்களும் உள்ளூர் இளைஞர்களும் அந்த வேலைக்கு வந்திருக்காங்க. நல்ல விஷயம். நல்லதை நல்லதுன்னு சொல்றதில் நமக்கு வெட்கம் இல்லை. குறையைப் பிறகு சொல்றேன்.

அடுத்தது 2023 மே 27. அரிக்கொம்பன். சின்னக்கானலில் பிடிச்சுப் பெரியாற்றுக் காட்டில் விட்ட யானை, கம்பம் தெருவுக்குள்ளேயே வந்துச்சு. 144 தடை உத்தரவு போட்டாங்க. ஜூன் 5ல் மயக்க ஊசி போட்டுப் பிடிச்சு களக்காடு–முண்டந்துறைக்குக் கொண்டு போனாங்க. யானை தாக்கினதில் காயம்பட்ட ஒருத்தர் இறந்துட்டார். அந்த நாட்களில் ட்ரோன் விட்டு யானையை மிரள வச்சதா ஒருத்தர் மேல நடவடிக்கை எடுத்தாங்க. இன்னொரு பக்கம் வாட்ஸ்அப் பூரா ஆடியோ. 'இங்க நிக்குது', 'அங்க போகுது'. பார்க்கணும்னே பைக் எடுத்துக்கிட்டுக் கிளம்பினவங்க எத்தனை பேர்!

ஐ.டி. விங் பயிலரங்கில் காட்டைப் பத்தி எதுக்குப் பேசணும்னு யோசிச்சவங்களுக்கு இதுதான் பதில். யானை ஊருக்குள் வந்தா முதல்ல வர்றது நம்ம கையில் இருக்கிற போன்லதான். அந்தப் போன் கூட்டத்தைக் கூட்டவும் செய்யும், கலைக்கவும் செய்யும்.

சரி, பொதுமக்களை வச்சுக் காட்டைக் காக்க முடியுமா? முடியும். பக்கத்தில் குமுளிக்குப் போய்ப் பாருங்க. 1998ல், பெரியாற்றுக் காட்டில் திருட்டுத்தனமா வயணா மரப்பட்டை உரிச்சு வித்துக்கிட்டிருந்த 23 பேரை வனத்துறை கூப்பிட்டுப் பேசி, அவங்களையே காவலுக்கும் வழிகாட்டவும் வச்சாங்க. அவங்களுக்கு எல்லாத் தடமும் தெரியும். எவன் எந்த வழியா வருவான்னும் தெரியும். சுற்றுலாப் பயணியைக் கூட்டிட்டுப் போகும்போதே அது ரோந்தும் ஆச்சு. பிறகு தமிழ்நாட்டுப் பக்கத்து ஊர்க்காரங்களைச் சேர்த்து 'விடியல்' என்ற பெயரிலும் ஒரு குழு வந்தது. குமுளிப் பெண்கள் 2002ல் 'வசந்த சேனை' ஆரம்பிச்சாங்க. சம்பளம் வாங்காம, முறை வச்சுக் காட்டோரம் ரோந்து போனாங்க.

கடலோரத்திலும் நமக்கு முன்மாதிரி இருக்கு. சென்னையில் 1988ல் இருந்து மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு வேலை செய்யுது. முட்டையிடும் பருவத்தில் ராத்திரி நீலாங்கரையில் இருந்து பெசன்ட் நகர் பக்கமா கடற்கரையிலேயே நடப்பாங்க. பங்குனி ஆமை போட்ட முட்டையைப் பத்திரமா எடுத்துப் பொரிப்பகத்தில் வைப்பாங்க. பொதுமக்களும் கூட நடக்கலாம். டார்ச் அடிக்காதே, சத்தம் போடாதேன்னு மாணவர்கள்தான் சொல்லிக் கொடுப்பாங்க. ஒரு தலைமுறைப் பிள்ளைகள் வேலைக்குப் போயிடுவாங்க, அடுத்த தலைமுறை வந்து நடக்கும். முப்பத்தஞ்சு வருஷத்துக்கு மேலா இப்படியே ஓடுது.

இந்த ரெண்டு உதாரணத்தையும் பக்கத்தில் வச்சுப் பாருங்க. கடற்கரை ராத்திரி நடைக்கு மாணவர் தொண்டு போதும். காட்டுக்குள் அது போதாது. அங்கே அந்தக் காட்டிலேயே பிழைச்சவங்கதான் வேணும், அவங்களுக்குக் கூலியும் வேணும். நான் இன்னிக்குச் சொல்ல வந்ததில் முக்கியமானது இதுதான். நாம இலவசமா தொண்டு செய்யறேன்னு காட்டுக்குள்ள போய் நின்னா, ஒரு பளியர் குடும்பத்துக்குக் கிடைக்க வேண்டிய நாள் கூலியைக் கெடுத்துடுவோம். தேன் எடுக்கவும் கிழங்கு தோண்டவும் தலைமுறையா அந்த மலையில் நடந்தவங்க இருக்கும்போது, ஒரு வாரப் பயிற்சி எடுத்த நாம முன்னால நடக்கிறது நியாயமும் இல்லை, பாதுகாப்பும் இல்லை.

அப்போ நமக்கு என்ன வேலை? நிறைய இருக்கு.

ஒன்று: காட்டு வாசல். வனத்துறை அனுமதியோட சுருளி அருவி நுழைவிடம், மேகமலை அடிவாரம், வைகை அணைப் பூங்கா இங்கெல்லாம் வார இறுதியில் நாலு பேர் நிக்கலாம். பிளாஸ்டிக்கை வாங்கி வைக்கிறது, குரங்குக்குத் தீனி ஏன் போடக் கூடாதுன்னு சொல்றது, இந்த மலையோட கதையைச் சொல்றது. மனுஷன் தீனிக்குப் பழகின குரங்கு ஒருநாள் குழந்தை கையில் இருந்து பிடுங்கும். கடிக்கவும் செய்யும்.

இரண்டு: கண்மாய்க் கரை. அரசுப் பள்ளிப் பிள்ளைகளை ஆசிரியரோட கூட்டிட்டுப் போய்ப் பறவை பார்க்கச் சொல்லிக் கொடுங்க. பொங்கல் விடுமுறையில் 2015 முதல் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்குது. 'இ-பேர்ட்' செயலியில் பதினைந்து நிமிஷம் பார்த்துப் பதிஞ்சாலே போதும். வனத்துறை நடத்துற பறவைக் கணக்கெடுப்பிலும் தன்னார்வலர்களைச் சேர்த்துக்கிறாங்க. போனைத் தட்டுற விரல் நமக்கு இருக்கு, கண்ணை மட்டும் பழக்கணும்.

மூன்று: வதந்தி தடுப்பு. யானை, புலி, சிறுத்தை இருக்கிற இடத்தை நம்ம பக்கத்தில் போடவே கூடாது. வனத்துறையும் மாவட்ட ஆட்சியரும் அறிவிக்கிறதை மட்டும் பகிரணும். லைக் குறையும், பரவாயில்லை.

நான்கு: இந்த வேலைக்குப் போகும்போது கட்சித் துண்டு வேண்டாம், கொடி வேண்டாம், தலைவர் படம் போட்ட டீ-சர்ட் வேண்டாம். நிர்வாகிகள் கோவிச்சுக்கக் கூடாது. நம்ம கொடியைப் பார்த்து மாத்துக் கட்சி அண்ணன் ஒருத்தர் நாம சொல்றதைக் கேட்காமப் போனா, நட்டம் அந்தக் காட்டுக்குத்தான். எல்லாக் கட்சிக்காரன் வயலுக்கும் தண்ணி அங்க இருந்துதான் வருது.

இப்போ குறை. அரசிடமும் வனத்துறையிடமும் நாம வைக்கிற கோரிக்கைகள்.

பிப்ரவரி நடுவில் இருந்து ஏப்ரல் நடு வரைக்கும் தீக்காலம்னு மலையேற்றப் பாதைகளை மூடுறாங்க. மூடுறது சரி. ஆனா அந்த ரெண்டு மாசம் வழிகாட்டி வீட்டு அடுப்பு எப்படி எரியும்? அதே ஆட்களுக்குத் தீத்தடுப்புக் காவலர் வேலையை உறுதியா கொடுக்கணும். தீ எங்கே பிடிக்கும்னு அவங்களைவிட யாருக்குத் தெரியும்?

வழிகாட்டிகள் எல்லாருக்கும் விபத்துக் காப்பீடும் முதலுதவிப் பயிற்சியும் வேணும். பயிற்சியும் தேர்வும் முழுக்கத் தமிழில் இருக்கணும். எழுதப் படிக்கத் தெரியாத பெரியவருக்கு வாய்மொழித் தேர்வு வைக்கணும். மரத்தோட லத்தீன் பேர் தெரியலைங்கிறதுக்காக, மரத்தையே தெரிஞ்ச ஆளை ஒதுக்கிடக் கூடாது. நுழைவுக் கட்டணத்தில் ஒரு பங்கு மலைவாழ் மக்கள் குடியிருப்புகளுக்கே போகணும்.

தோழர்களே, இந்தப் பயிலரங்கு முடிஞ்சதும் வாசலில் ஒரு நோட்டு வச்சிருக்கோம். மாசத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை கொடுக்க முடிஞ்சவங்க பேர் எழுதுங்க. ஒரு வருஷத்துக்கு பன்னிரண்டு நாள். அதுக்கு மேல இப்போதைக்கு கேட்கலை. வர்ற வாரமே வன அலுவலகத்தில் அனுமதிக்கு மனு கொடுக்கிறோம். அனுமதிக் கடிதம் கைக்கு வந்த பிறகுதான் முதல் குழு சுருளிக்குக் கிளம்பும்.



#காட்டுவழிகாட்டி #மேகமலை #கம்பம்பள்ளத்தாக்கு #தேனி