தேக்கடிக் கரையில் யானைகள்

கொச்சியில் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பத்தார் சிலர், சென்ற கோடையில் ஒரு நண்பகல் வைட்டிலாப் பேருந்து நிலையத்தில் குழந்தைகளுடன் கூடினோம். 'சஃபாரி' என்றதும் ஆப்பிரிக்கா நினைவுக்கு வரும். சுவாஹிலி மொழியில் அச்சொல்லுக்குப் பயணம் என்பதே பொருள். எங்கள் பயணம் குமுளி வரைதான்.

மறுநாட் காலை தேக்கடி ஏரியில் முதற் படகேறினோம். ஆப்பிரிக்கப் புல்வெளியில் வண்டியில் இருந்தபடியே நெடுந்தொலைவு காணலாம். பெரியாற்றுக் காடோ அடர்ந்தது. விலங்குகள் கரைக்கு வந்தாலன்றிக் கண்ணிற் படுவது அரிது. 1895-இல் எழுந்த அணையால் மூழ்கிய மரங்களின் கட்டைகள் இன்றும் நீருக்குமேல் நிற்கின்றன. இந்நீரே மலையைக் குடைந்த வழியே நம் மதுரைச் சீமைக்குப் பாய்கிறது என்றதும், எங்களுடன் வந்த கம்பத்து மூதாட்டி ஏரியை நோக்கிக் கைகூப்பினார்.

ஒரு வளைவு கடந்ததும் யானைகள்! ஐந்து பெண் யானைகள், இரண்டு கன்றுகள். முதியவள் ஒருத்தி புல்லைக் கொத்தாகப் பிடுங்கி, முன்காலில் தட்டி மண்ணை உதிர்த்த பின்னரே வாயிலிட்டாள். கீரையை உதறும் நம் வீட்டுப் பெண்டிரே நினைவுக்கு வந்தனர். "தந்தம் எங்கே?" என்றான் ஒரு சிறுவன். ஆப்பிரிக்காவில் பெண் யானைக்கும் தந்தம் உண்டு. நம் நாட்டில் வெளியே நீண்ட தந்தம் ஆணுக்கே உரியது. அதற்காகவே 1970, 80-களில் இக்காட்டின் ஆண் யானைகள் பல கொல்லப்பட்டன.

திடீரென முதியவள் துதிக்கையை உயர்த்திக் காற்றை முகர்ந்தாள். எங்கள் செவிக்கு ஒன்றும் எட்டவில்லை. எனினும் மற்றவை உடனே நெருங்கிக் கன்றுகளை நடுவில் நிறுத்தின. மனிதர் கேட்க இயலாத தாழ்ந்த ஒலியில் யானைகள் பேசிக்கொள்வது 1984-இல் ஆசிய யானைகளிடமே முதலில் அறியப்பட்டது. அவள் என்ன சொன்னாளோ!

இவ்வேளையில் எங்களுள் ஒருவர் படம் எடுக்க எழுந்தார். அவரைத் தொடர்ந்து மேலும் சிலர் எழுந்து அப்பக்கமே சென்றனர். படகு சற்றே சாய்ந்தது. "இரிக்கணும்! எல்லாரும் இரிக்கணும்!" என்று படகோட்டி அலறினார். அவர் முகம் வெளுத்திருந்தது. 2009 செப்டம்பர் 30 அன்று இதே ஏரியில் ஒரு படகு கவிழ்ந்து 45 பேர் மாண்டனர். விலங்குகளைக் காணப் பலர் ஒரு பக்கமாகத் திரண்டதும் அதற்கொரு காரணமாகக் கூறப்பட்டது. மிதவைச் சட்டையை இறுகக் கட்டியவாறு அமர்ந்தோம். எழுந்தவர்களை நாங்கள் கடியவில்லை. எங்களுக்கும் எழத்தான் கால் துடித்தது.

தலை நிமிர்த்தினால் யானைகள் இல்லை. நாணல் மட்டும் அசைந்துகொண்டிருந்தது. அதன்பின் துறை சேரும்வரை எவரும் எழவில்லை. மிளா ஒன்று முழங்கால் நீரில் நின்று, நாங்கள் கடந்து செல்வதைப் பார்த்துக்கொண்டே இருந்தது.