ஆட்கள் நிலைத்தால்தான் தொழில் நிலைக்கும்

நான் பத்தாவது வரைதான் படித்தேன். என் அனுபவத்தில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கல்யாணத்துக்கு முன்பு மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் இரண்டு கம்பெனிகளில் பேக்கிங் வேலை பார்த்தேன். முதல் கம்பெனியில் ஷிப்ட் முழுக்க நின்றபடியேதான் வேலை. பாத்ரூம் போனால் சூப்பர்வைசர் மணி பார்ப்பார். பத்து நிமிஷம் லேட்டானா அரை நாள் சம்பளம் போச்சு. கூட சேர்ந்த பொண்ணுங்க மூணு மாசம்கூட தாங்கல. மாசாமாசம் புது ஆளுங்க வருவாங்க. அவங்க வேலை பழகுறதுக்குள்ள சரியா சீல் ஆகாத டப்பாவெல்லாம் திரும்பி வந்துடும். நஷ்டம் முதலாளிக்குத்தானே?

இரண்டாவது கம்பெனியில் சம்பளம் பெரிசா ஒண்ணும் கூட இல்லை. ஆனால் உட்கார ஸ்டூல் போட்டிருந்தார்கள். வேன் வந்தது. டீ கொடுத்தார்கள். இ.எஸ்.ஐ. இருந்தது. அங்கே நான்கு வருஷம் இருந்தேன். பக்கத்தில் வேலை செய்த அக்கா பத்து வருஷமாக இருந்தார். மெஷின் சத்தம் மாறினாலே கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவார். அந்த அனுபவம் காசு கொடுத்தால் கடையில் கிடைக்குமா?

இ.எஸ்.ஐ. பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கம்பெனியில், மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவர்களுக்கு அது உண்டு. 100 ரூபாய் சம்பளத்துக்கு நம்மிடம் பிடிப்பது 75 பைசா. முதலாளி கட்டுவது 3 ரூபாய் 25 பைசா. குடும்பத்துக்கே வைத்தியம் கிடைக்கும். முதல் இரண்டு பிரசவத்துக்கு 26 வாரம் சம்பளப் பணம் வரும். நம் வீட்டுப் பெண்கள் வேலைக்குச் சேரும்போதே இ.எஸ்.ஐ. நம்பரைக் கேட்டு வாங்கணும்.

இந்த உரிமைகள் சும்மா கிடைக்கவில்லை. நம்ம புதுச்சேரியில் 1936 ஜூலை 30 அன்று, போராடிய மில் தொழிலாளர்கள் 12 பேர் பிரெஞ்சு ஆட்சியின் துப்பாக்கிச் சூட்டில் உயிர்விட்டார்கள். அதற்கு அடுத்த வருஷம்தான் 8 மணி நேர வேலை இங்கே சட்டமானது.

இப்போது நம் மசாலா யூனிட்டுக்கு வருகிறேன். தீபாவளிக்குப் பிறகு மூன்று பேர் நின்றுவிட்டார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று லேட்டாக வந்தவர்களுக்கு அரை நாள் கூலி வெட்டினோம். கணக்கு எழுதி வெட்டியதே நான்தான். அன்னைக்கு மிச்சமானது சில நூறு ரூபாய். ஆனால் ஆளில்லாமல் ஒரு கல்யாண ஆர்டரை விட்டுவிட்டோம். அந்த முதல் கம்பெனி எனக்குச் செய்ததையே நான் நம்ம பொண்ணுங்களுக்குச் செஞ்சுட்டேன்னு அப்பதான் உறைச்சுது.

அதனால் இந்தக் கூட்டத்தில் மூன்று விஷயம் கேட்கிறேன். வறுக்கிற, சலிக்கிற இடத்தில் ஸ்டூல் போடுவோம். மாதம் ஒரு நாள் கூலியோடு லீவு கொடுப்போம். நின்றுபோன மூன்று பேர் வீட்டுக்கும் நேரில் போய்க் கூப்பிடுவோம். முதல் ஆளாக நான் வருகிறேன்.