வோல்ட் வேறு, ஏ.எச். வேறு
(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



சாப்பாட்டு நேரம் நெருங்கிவிட்டது. சுருக்கமாகவே பேசுகிறேன், பயப்படாதீங்க!

நம்ம விடுதி மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது வோல்ட். எவ்வளவு தண்ணீர் பிடிக்கும் என்பது ஏ.எச்., அதாவது ஆம்பியர்-மணி. இரண்டையும் பெருக்கினால் வாட்-மணி. பேட்டரி செய்யக்கூடிய வேலையின் அளவு அதுதான்.

பவர் பேங்க்கில் 20,000 எம்.ஏ.எச். என்று போட்டிருக்கும். அது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் லித்தியம் செல்லின் கணக்கு, 74 வாட்-மணி. அதையே 5 வோல்ட்டில் வெளியே எடுத்தால் 14,800 எம்.ஏ.எச்.தான். மாற்றும்போது ஏற்படும் இழப்பு தனி. 'ஏமாத்திட்டான்'னு கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீங்க.

மின்சார ஸ்கூட்டரில் செல்களைத் தொடராக இணைத்தால் வோல்ட் கூடும். பக்க இணைப்பில் ஏ.எச். கூடும். என் மகன் வண்டியில் 13 செல் தொடர், ஒவ்வொன்றும் 3.6 வோல்ட். மொத்தம் 46.8. கடையில் '48 வோல்ட்' என்பார்கள்.

இங்கேதான் நான் தப்பு செய்யப் பார்த்தேன். சார்ஜர் கெட்டுப்போச்சு. பக்கத்து வீட்டு வண்டியும் '48 வோல்ட்'தானே என்று அவர்கள் சார்ஜரை வாங்கி வந்தேன். பிளக்கும் பொருந்தியது. செருகப் போகும்போது அடியில் பொடி எழுத்தைப் பார்த்தேன்: 58.4 வோல்ட். அது லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல் 16 கொண்ட பேட்டரிக்கானது, செல்லுக்கு 3.65. எங்கள் பேட்டரிக்கோ செல்லுக்கு 4.2, மொத்தம் 54.6-தான் எல்லை. 58.4-ஐ 13-ஆல் வகுத்தேன். ஏறக்குறைய 4.5! கை அப்படியே நின்றுவிட்டது. பேட்டரிக்குள் இருக்கும் காப்புச் சுற்று இணைப்பைத் துண்டித்திருக்கும் என்பீர்கள். அது பழுதாகியிருந்தால்? தீப்பிடிக்கலாம். ராத்திரி, வாசலில், எல்லோரும் தூங்கும் நேரத்தில்.

'யூனிட் எழுதாத விடைக்கு மார்க் கிடையாது' என்று நம்ம சார் கண்டிப்பாகச் சொல்வார். அன்று முணுமுணுத்தோம். இன்று சொல்கிறேன், தம்பி தங்கைகளே: பேட்டரிக்கு வழங்கும் பெயரை நம்பாதீர்கள். செல் என்ன வகை, எத்தனை தொடர், சார்ஜர் எத்தனை வோல்ட்டில் நிறுத்துகிறது, இந்த மூன்றையும் பார்த்துவிட்டுச் செருகுங்கள்.