போர் விளையாட்டின் சமனும் புறத்திணையும்

(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



கணினி விளையாட்டைப் பற்றித் தமிழாசிரியை பேச வந்திருப்பது சிலர்க்கு வியப்பளிக்கலாம். இணையவழி ஆடப்பெறும் 'பாலிடிக்ஸ் அண்ட் வார்' 2014இல் தொடங்கியது. ஆடுவோர் ஒவ்வொருவரும் ஒரு கற்பனை நாட்டை ஆள்வர், நகர் எழுப்புவர், படை திரட்டுவர், போரும் தொடுப்பர். இத்தகைய ஆட்டங்களை அமைப்போர்க்கு ஒரு பெருஞ்சிக்கல் உண்டு. வளர்ந்த நாடு நேற்றுப் பிறந்த நாட்டை விழுங்கினால், புதியவர் ஆட்டத்தை விட்டே அகன்றுவிடுவர். ஆகவே சில விதிகளை வகுத்துள்ளனர். தன் வலிமைக்கு மிகக் கீழான நாட்டின்மீது போர் தொடுத்தல் கூடாது. ஒரே வேளையில் மூவருக்கு மேல் ஒரு நாட்டைத் தாக்குதல் இயலாது. தோற்ற நாடு வெளிர்பழுப்பு நிறம் பெறும். அந்நிறம் நீங்கும்வரை அதன்மேல் புதுப்போர் இல்லை.

போர்நிலைக்கு ஓர் அடையாளம் சூட்டுவது நமக்குப் புதிதன்று. நிரை கவர்வோர் வெட்சி, மண் கவர்வோர் வஞ்சி, மதில் வளைப்போர் உழிஞை, நேர்நின்று பொருவோர் தும்பை, வென்றோர் வாகை எனப் பூவால் போரை வகுத்தது நம் மரபு. தொல்காப்பியம் புறத்திணை ஏழு என்றது. பிற்காலத்து ஐயனாரிதனாரின் புறப்பொருள் வெண்பாமாலை அதனைப் பன்னிரண்டாக விரித்தது. வெட்சிக்குக் கரந்தை, வஞ்சிக்குக் காஞ்சி, உழிஞைக்கு நொச்சி எனத் தாக்குதலுக்கு எதிராகத் தடுப்பும் தனித் திணையாயிற்று. ஆட்டம் அமைப்போர் தேடும் சமன் இதுவே எனலாம்.

ஆயினும் ஈண்டு ஓர் இழப்பும் நேர்ந்தது. தொல்காப்பியத்தில் காஞ்சி என்பது உலக நிலையாமை கூறும் திணை. வெண்பாமாலையிலோ அது மண் காப்போன் சூடும் பூவாயிற்று. நிலையாமை பொதுவியலில் ஒரு பகுதியாக ஒதுங்கிற்று. அமைப்பு நேர்த்தி பெற்றது. சாவு ஓரத்திற்குப் போயிற்று.

வரலாற்றுப் போருக்கு ஆட்டவிதி இல்லை. தலையாலங்கானத்தில் நெடுஞ்செழியனை எதிர்த்தோர் எழுவர். முந்நூறு ஊர் உடைய பாரியின் பறம்பை முற்றியோர் வேந்தர் மூவர். வலிமை வரம்பு என்னும் விதி இருந்திருப்பின் பாரி பிழைத்திருப்பான். களத்தில் இல்லாத சமனைக் கபிலர் பாட்டில் செய்தார். வென்ற மூவரினும் வீழ்ந்த ஒருவனே இன்று நம் நெஞ்சில் நிற்கிறான்.

தளியைச் சூழ்ந்த இம்மாவட்டத்திலும் அண்டைத் தருமபுரியிலும் நடுகற்கள் மிகுதி. தொறு மீட்டுப் பட்டவனுக்குக் கல் நட்டனர். தொறு கொள்ளச் சென்று பட்டவனுக்கும் கல் நட்டதுண்டு. இருபாலார்க்கும் அழுவதற்கு ஆள் இருந்தனர் என்பதற்கு அக்கற்களே சான்று.

இணைய ஆட்டத்தில் படை அழிந்தால் பொருள் கொடுத்து மறுநாளே திரட்டலாம். எண் குறையும், எண் கூடும். பெயரில்லாத அவ்வீரர்க்குக் கல் நட இடமில்லை. நம் மாணவர் அவ்வாட்டத்தை ஆடுகின்றனர். அவர்களைக் கடிதலால் பயனில்லை. படைகளைச் சமன்செய்யும் அவ்வறிவும் கற்கத்தக்கதே. ஆனால் அவ்விதிகளால் எண்ண இயலாததை எண்ணும் கடமை கவிஞர்க்கு உண்டு. வெட்சியும் வாகையும் பாட இன்று பலர் உளர். இவ்வட்டத்தின் அடுத்த பத்தாண்டில் காஞ்சி பாடுவோர் சிலரேனும் தோன்றவேண்டும் என்பதே என் விண்ணப்பம்.